கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் டோன் ஆர்மை எடை போடுங்கள்

டர்ன்டேபிள் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, "எந்த கார்ட்ரிட்ஜ் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்கள் டர்ன்டேபிளின் கை எப்படிப்பட்டது?" கார்ட்ரிட்ஜ் என்பது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பெட்டி. கை, அதாவது டோன் ஆர்ம், அதை இசைத்தட்டின் மேல் சுமந்து செல்லும் தண்டு. கையும் கார்ட்ரிட்ஜும் ஜோடி. ஒன்றைப் பார்க்காமல் மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு செலவழித்தாலும் சரியாக அமையாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய, கனமான எஸ் வடிவக் கை. அதில் மிக மென்மையான ஊசி கொண்ட கார்ட்ரிட்ஜ். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் வெற்றுத் தடத்தில் ஊசியை இறக்கினார். காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றினால், வூஃபர், அதாவது ஸ்பீக்கரின் பெரிய கூம்பு, மூச்சிரைப்பது போல உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. குனிந்து இசைத்தட்டைப் பக்கவாட்டில் பார்த்தேன். லேசான வளைவு இருந்தது. அந்த மேடு ஊசிக்குக் கீழே வரும்போதெல்லாம், ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு கார்ட்ரிட்ஜின் வயிற்றுக்குள் அமுங்கி, மேடு போனதும் வெளியே நீண்டது. தட்டிலும் பழுதில்லை, கார்ட்ரிட்ஜிலும் பழுதில்லை. இரண்டும் சேராத ஜோடி, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? பழைய பேப்பர் எடுப்பவர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் பெரிய கட்டைத் தொங்கவிட்டால் மெதுவாக மேலும் கீழும் ஆடும். சின்னக் கட்டு என்றால் படபடவென்று ஆடும். இங்கே ஸ்பிரிங், ஊசித்தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர். கட்டு, கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த நிறை. இந்த ஜோடிக்கும் இயல்பாக ஆடும் ஒரு வேகம் உண்டு. அதைத்தான் ரெசனன்ஸ் என்கிறோம். தட்டின் வளைவுகள் கொடுக்கும் ஆட்டம் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 6 முறைக்கு, கீழே இருக்கும். நம் காதுக்குக் கேட்கும் இசை 20 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் நடுவே, 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ரெசனன்ஸைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அது எதையும் தொந்தரவு செய்யாது. நாம் செய்யப்போகும் வேலை முழுக்க அதற்காகத்தான்.

படி 1: கையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

டர்ன்டேபிளின் கையேட்டில் 'எஃபெக்டிவ் மாஸ்' என்று கிராமில் ஓர் எண் இருக்கும். தராசில் வைத்தால் வரும் எடை அல்ல இது. ஊசி இருக்கும் இடத்தில் கையை அசைக்கப் பார்த்தால் எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதன் அளவு. அதனால்தான் கையின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பகுதியான ஹெட்ஷெல்லில் கூடும் ஒரு கிராம் ஏறக்குறைய முழுதாகக் கணக்கில் வரும். கை திரும்பும் அச்சுக்குப் பக்கத்தில் கூடும் ஒரு கிராம் கணக்கில் வரவே வராது எனலாம்.

1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2வின் கை 12 கிராம், ஹெட்ஷெல்லோடு சேர்த்து. ப்ரோ-ஜெக்ட் டெபு கார்பனின் கை 6 கிராம்தான். பத்துக்குக் கீழே லேசான கை, பத்து முதல் இருபது வரை நடுத்தரம், அதற்கு மேல் கனமான கை என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 2: கார்ட்ரிட்ஜின் இரண்டு எண்கள்

ஒன்று எடை. அதில் குழப்பம் இல்லை. இன்னொன்று கம்ப்ளையன்ஸ், அதாவது ஊசித்தண்டு எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கும் என்பது. எண் பெரிதாக இருந்தால் மென்மை, சிறிதாக இருந்தால் விறைப்பு. சிலர் இதை மைக்ரோமீட்டர் / மில்லிநியூட்டன் என்று எழுதுவார்கள், சிலர் சென்டிமீட்டர் / டைன் என்பார்கள். பயப்பட வேண்டாம். முதலாவதில் 20 என்றால், இரண்டாவதில் 20 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் ஆறு. நமக்கு வேண்டியது அந்த 20 மட்டும்.

ஆனால் இங்கே புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடம் இருக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் கம்ப்ளையன்ஸை 10 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வது வழக்கம். ஜப்பானிய நிறுவனங்கள் பல 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்கின்றன. ஒரே ரப்பர்தான், வேகமாக அசைக்கும்போது அதிக விறைப்பைக் காட்டுகிறது. அதனால் எண் சின்னதாக வரும். நம் கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் எண்தான் வேண்டும். 100 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் தோராயமாக 1.7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். துல்லியமான மாற்றம் அல்ல, 1.5இலிருந்து 2 வரை போகலாம். ஆனால் பெருக்காமல் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். 'ஸ்டாட்டிக்' என்று தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் அதை எடுக்காதீர்கள்.

படி 3: கணக்கு

கை, கார்ட்ரிட்ஜ், திருகுகள் எல்லாவற்றின் கிராமையும் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுங்கள். 159ஐ அதனால் வகுங்கள். வருவது ஹெர்ட்ஸ்.

டெக்னிக்ஸ் கையையே எடுத்துக்கொள்வோம். ஆர்டோஃபான் 2எம் ரெட்: எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகுகளுக்கு 0.8 கிராம். மொத்தம் 20. இருபது இருபது நானூறு, வர்க்கமூலம் 20, 159 வகுத்தல் 20 என்றால் கிட்டத்தட்ட 8 ஹெர்ட்ஸ். கீழ் எல்லையில் நிற்கிறது. நேரான தட்டுகளுக்குப் பிரச்சினை இல்லை.

அதே கையில் ஆடியோ-டெக்னிகா விஎம்95இ: எடை 6.1 கிராம், கம்ப்ளையன்ஸ் 7, ஆனால் 100 ஹெர்ட்ஸில். 1.7ஆல் பெருக்கினால் சுமார் 12. திருகுகளுக்கு ஒரு கிராம் சேர்த்து மொத்தம் 19.1. விடை ஏறக்குறைய 10.5 ஹெர்ட்ஸ், அருமையான பொருத்தம். அந்த 7ஐ மாற்றாமல் அப்படியே போட்டிருந்தால் 14க்குப் பக்கத்தில் வந்து, நல்ல கார்ட்ரிட்ஜை வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பீர்கள்.

இன்னொன்று. 1960களில் ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக டெனான் உருவாக்கிய டிஎல்-103 பலருக்கும் கனவு கார்ட்ரிட்ஜ். எடை 8.5 கிராம். கம்ப்ளையன்ஸ் 100 ஹெர்ட்ஸில் 5, மாற்றினால் 8.5. டெபு கார்பனின் 6 கிராம் கையில் மாட்டினால் 14 ஹெர்ட்ஸை நெருங்கும். இசையின் ஆழ்ந்த பாஸ் ஒலிகளுக்குப் பக்கத்தில் போய்விடும். விறைப்பான கார்ட்ரிட்ஜுக்குக் கனமான கை வேண்டும். டெக்னிக்ஸ் கையில் அது சுமார் 12. ஹெட்ஷெல்லில் 5 கிராம் கூடுதலாகச் சேர்த்தால் 10.6க்கு இறங்கிவிடும். கழற்றக்கூடிய ஹெட்ஷெல் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

படி 4: மற்ற பொருத்தங்கள்

கார்ட்ரிட்ஜில் காந்தம் அசையும் மூவிங் மேக்னட், கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் என்று இரண்டு வகை உண்டு; 2எம் ரெட் முதல் வகை, டிஎல்-103 இரண்டாம் வகை. கார்ட்ரிட்ஜின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் உங்கள் ஃபோனோ ப்ரீஆம்ப் மூவிங் மேக்னட்டுக்கு மட்டும் என்றால் டிஎல்-103ஐ மறந்துவிடுங்கள். அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட், 2எம் ரெட் தருவது 5.5. மூவிங் காயிலுக்கு வேறு ப்ரீஆம்ப் வசதி வேண்டும். ஊசி முனை வடிவத்தில், முதல் கார்ட்ரிட்ஜுக்கு எலிப்டிகல், அதாவது நீள்வட்ட முனை, போதும் என்பது என் எண்ணம்.

தாத்தா வைத்துவிட்டுப் போன 78 ஆர்பிஎம் தட்டுகள் வீட்டில் இருந்தால் ஒரு வார்த்தை. அவற்றின் தடம் அகலமானது. எல்பிக்கான ஊசியை அதில் வைக்காதீர்கள், அது தடத்தின் அடியில் போய் உரசும். விஎம்95 வரிசையில் ஊசியை மட்டும் உருவி, 78க்கான எஸ்பி ஊசியைச் செருகிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட தட்டுகள் உள்ள வீட்டுக்கு நான் இந்த வரிசையையே சொல்வேன்.

படி 5: மாட்டிப் பாருங்கள்

ஊசியின் காப்பு மூடியை எடுக்காமல் வேலையைத் தொடங்குங்கள். வெள்ளை ஒயர் இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். திருகுகளை லேசாக மட்டும் முடுக்கி, அளவைத் தாளை வைத்து ஊசி முனையின் இடத்தைச் சரி செய்த பிறகு இறுக்குங்கள். எஸ்எல்-1200இல் ஊசி முனையிலிருந்து ஹெட்ஷெல்லின் பின்பக்க ரப்பர் வளையம் வரை 52 மில்லிமீட்டர். அப்புறம் எதிர்எடையைத் திருப்பி, கை அந்தரத்தில் சமமாக மிதக்கும்படி செய்து, அங்கிருந்து கார்ட்ரிட்ஜ் கேட்கும் அழுத்தத்தை வையுங்கள். 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95இக்கு 2 கிராம்.

கடைசியாக, உங்களிடம் உள்ளதிலேயே அதிகம் வளைந்த தட்டை எடுத்துப் போடுங்கள். ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, வெற்றுத் தடத்தில் வூஃபரைப் பாருங்கள். பிறகு கண்ணைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கி, மேடு வரும்போது கார்ட்ரிட்ஜின் வயிற்றுக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள சிறு சந்தின் அளவைக் கவனியுங்கள். கையும் ஊசியும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கி, அந்தச் சந்து மாறாமல் இருந்தால் சரி, திருகுகளை ஒருமுறை சோதித்துவிட்டு கை தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங்குக்குப் போகலாம். சந்து திறந்து மூடினால் முதலில் லேசான ஹெட்ஷெல்லைத் தேடுங்கள். அதுவும் போதாவிட்டால் கம்ப்ளையன்ஸ் குறைந்த வேறு கார்ட்ரிட்ஜ்தான்.