எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அருகே அமர்வது எப்படி?

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வளவிலோ இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு நாள்தோறும் கால்மணி நேரம் கொடுக்க விரும்பும் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் ஐயாவுக்கும், மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலருக்கும் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வீட்டின் முகப்பில் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கேட்டு வருகிறேன். நான் சொல்ல வருவது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை தடுமாறும் சொல்லை நீங்கள் எடுத்துச் சொல்லிவிடாதீர்கள்.

வளர்ந்தவர்களுக்குச் சொல் ஒரே பார்வையில் தெரிந்துவிடுவதால், பிள்ளைக்கும் முழுச் சொல்லைப் படம்போலக் காட்டி மனப்பாடம் செய்வித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்டின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்த ஜேம்ஸ் கேட்டல், தனி எழுத்தின் பெயரைச் சொல்ல ஆகும் நேரத்தைவிடச் சிறிய சொல்லைப் படித்துச் சொல்லக் கூடுதல் நேரம் ஆவதில்லை என்று 1886இலேயே எழுதினார். 1969இல் உளவியலாளர் ஜெரால்ட் ரைக்கர் செய்த சோதனையில், கணநேரம் காட்டி மறைக்கப்பட்ட எழுத்து தனியாக இருந்தபோதைவிடச் சொல்லுக்குள் இருந்தபோதே வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் எழுத்து முக்கியமில்லை, சொல்லின் வடிவமே போதும் என்று தோன்றும். ஆனால் 1981இல் ஜேம்ஸ் மெக்லெலண்டும் டேவிட் ரூமெல்ஹார்ட்டும் தந்த விளக்கம் வேறு. கண்ணில் பட்ட எழுத்துகள் யாவும் ஒரே சமயத்தில் அடையாளம் காணப்பட்டு நினைவிலுள்ள சொல்லை எழுப்புகின்றன. எழுந்த சொல் திரும்பித் தன் எழுத்துகளுக்கு வலுவூட்டுகிறது. அந்தச் சொல் எழுத்தெழுத்தாக முன்பே நினைவில் பதிந்திருந்தால்தான் இது நடக்கும்.

அது எப்படிப் பதிகிறது என்பதற்கு எனக்கு மிகவும் உதவிய விடை, இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேவிட் ஷேருடையது. புதுச் சொல்லைப் பிள்ளை தானே ஒலித்துக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் எழுத்துக்கோவை நினைவில் ஏறுகிறது என்றும், படிக்கும் பிள்ளை இவ்வாறு தனக்குத்தானே ஆசிரியராகிறது என்றும் 1995இல் அவர் எழுதினார். 1999இல் வெளியான அவருடைய சோதனையில், எபிரேயம் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் கேட்டேயிராத கற்பனைப் பெயர்கள் வரும் சிறு கதைகளைச் சத்தமாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயரும் நான்கு அல்லது ஆறு முறைதான் வந்தது. மூன்று நாள் கழித்து, ஒரே ஒலியைத் தரும் வேறு எழுத்துக்கோவைகளின் நடுவே அதைக் காட்டியபோதும், தாங்கள் படித்ததையே பெரும்பாலும் அடையாளம் கண்டார்கள். சொல்லைச் சட்டெனக் காட்டி மறைத்து, அதை ஒலித்துப்பார்க்க முடியாதபடி வாய்க்கு வேறு வேலை கொடுத்தபோது பதிவு குறைந்துபோனது. ஆகவே நாம் இரக்கத்தோடு எடுத்துக்கொடுக்கும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பிள்ளை பதிந்துகொள்ளத் தவறிய சொல்லாகிவிடலாம்.

இனி அமரும் முறை. புத்தகம் பிள்ளையின் மடியில் இருக்கட்டும். நீங்கள் பக்கவாட்டில் அமருங்கள், எதிரே வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கைந்து வரி போதும். பத்துச் சொல்லில் ஒன்றிரண்டில் மட்டுமே பிள்ளை நிற்கும்படியான பகுதியாக அது இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் அன்றைய பகுதியை மாற்றிவிடுங்கள். பாடநூலில் கிடைக்காவிட்டால் நீங்களே எழுதலாம். நான் ஒரு தாளில் கூடைப் படம் ஒன்று வரைந்து, "ஆச்சி கொட்டானில் பணியாரம் எடுத்துவைத்தார்கள்" என்று எழுதி ஒரு சிறுமியிடம் கொடுத்தேன். அவள் படத்தைப் பார்த்து, "ஆச்சி கூடையில்" என்றாள். பொருள் பொருந்துகிறது என்று விட்டிருந்தால், கொட்டான் என்ற சொல்லை அவள் கண் பார்த்திருக்கவே இருக்காது. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, சொல்லின் கீழே விரலை வைத்து, "இங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். "கெ" என்றாள். கொம்பு இடப்பக்கம் முதலில் நிற்பதால் பல பிள்ளைகள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்பதும், கொ, கோ போன்றவற்றில் இருபுறமும் பிரிந்து நிற்பதும் நம் எழுத்தின் உண்மையான சிரமங்கள். "வலப்பக்கம் கால் இருக்கிறதா, பார்" என்றேன். "கொ... ட்... டா... னில்" என்று கூட்டினாள். ஒரு நொடி பேசாமல் இருந்தவள், "கொட்டான்! எங்க அப்பத்தா முடையுமே!" என்றாள். ஒலி தெரிந்த சொல்லில் போய் விழுந்த அந்த நொடிக்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். அதன் பிறகும் வராவிட்டால், சொல்லின் பிற்பகுதியை விரலால் மூடி முற்பகுதியை மட்டும் காட்டுங்கள். "படித்துக்கொண்டிருந்தாள்" போன்ற நீண்ட சொற்களுக்கு இது மிகவும் அவசியம். படித்து, கொண்டு, இருந்தாள் என்று மூன்றாகப் பிரித்துப் படித்துவிட்டு, பிறகு சேர்த்து ஒரு முறை சொல்லவையுங்கள். பிள்ளை பின்னோக்கிப் போய் மறுபடி படித்தால் தடுக்காதீர்கள். கண்ணின் அசைவுகளைப் பல்லாண்டுகள் அளந்த கீத் ரேனரின் ஆய்வுகளின்படி, ஆங்கிலம் படிக்கும் தேர்ந்த வாசகரின் கண்ணும் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. ஓரிடத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிவினாடி நின்று, பிறகு ஏழெட்டு எழுத்து தாவுகிறது. அந்தத் தாவல்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கியவையே.

கடல், தங்கம், பகல், பக்கம் ஆகிய நான்கிலும் ககரம் ஒரேபோல ஒலிப்பதில்லை. பிள்ளை தங்கத்தைக் கடலில் வரும் வல்லொலியோடு படித்தால், அது தவறு என்று சொல்ல வேண்டாம்; "அப்படி ஒரு சொல் நீ கேட்டிருக்கிறாயா?" என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும். 247 எழுத்தும் பிசகின்றி வந்த பிறகுதான் வாசிப்பு என்று நிறுத்திவைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துகள் முழுமையாகக் கைவர ஆண்டுகள் பிடிக்கின்றன என்று காட்டுகிறது. நம்முடையதும் அவ்வாறே உயிர்மெய்களால் ஆன எழுத்துமுறை.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் "எடுத்துவைத்தார்கள்" என்று இருக்க, கொட்டானைப் படித்த அதே சிறுமி "எடுத்து வச்சாக" என்று படித்தாள். இதைக் கூடை என்று ஊகித்ததோடு சேர்த்துத் திட்டிவிடக் கூடாது. முன்னது எழுத்தைப் பார்க்காமல் வந்தது. இது எழுத்தைப் பார்த்து, பொருளை உணர்ந்து, வீட்டுப் பேச்சில் வெளிவந்தது. "சரி, நாம் அப்படித்தான் பேசுகிறோம், எழுத்தில் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, இரண்டும் ஒரே சொல்தான் என்பதை அவள் வாயாலேயே சொல்லவைத்தேன்.

வீட்டுப் பெட்டகத்தில் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த பழைய கடிதங்கள் இருந்தால், அவற்றில் யானைத் தும்பிக்கைபோல் வளைந்த குறி போட்ட லை, னை போன்ற எழுத்துகளைக் காணலாம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்னைய வழக்கு அது. சரளமாகப் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அவற்றைக் காட்டுவது இன்பம். தடுமாறும் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். மாதக்கணக்கில் உதவியும் முன்னேற்றம் தெரியாவிட்டால், முதலில் கண் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும் செய்துவிட்டு, சிறப்பாசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள்.

ஒரே பகுதியை அடுத்தடுத்து மூன்று நாள் படிக்கவையுங்கள்; நான்காம் நாள் புத்தகத்தை மூடிவிட்டுச் சிலேட்டை எடுங்கள். ஷேரின் சோதனையைத் தமிழில் செய்வது எளிது, ஏனெனில் நம் பேச்சில் ரகர றகரமும் ணகர னகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அந்தச் சிறுமிக்கு முதலில் கொட்டான், கொட்டாண் என்று எழுதினேன். தயங்காமல் முதலாவதைத் தொட்டாள். அடுத்து பணியாரம், பனியாரம், பணியாறம் என்று மூன்றையும் எழுதினேன். முதல் நாள் அவள் "ப... ணி..." என்று தொடங்கியபோது நேரமாகிவிட்டதே என்று நானே அவசரப்பட்டுப் பணியாரம் என்று சொல்லிவிட்டிருந்தேன், பின்னிரு நாளும் அவள் அந்தச் சொல்லைப் பார்க்காமலேயே சொல்லிக் கடந்துவிட்டாள். மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பனியாரத்தின் மேல் விரலை வைத்தாள். சிலேட்டைத் துடைத்துவிட்டு, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். இம்முறை நான் வாய் திறக்கவில்லை.