ஒன்றரை கிலோ சண்டை ரோபோ: கவசம் போடுவதில் செய்யும் தவறுகள்

ரிமோட்டில் ஓட்டி ஒன்றோடொன்று மோதவிடும் வண்டிதான் சண்டை ரோபோ. என் முதல் ரோபோவுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போட்டிருந்தேன். முதல் போட்டியிலேயே எதிராளியின் சுழலும் பட்டை ஒரே ஒரு தடவை வந்து இடித்தது. தகட்டில் விரல்நக அளவுக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். ஆனால் வண்டி அசையவில்லை. நடுவர் பத்து எண்ணி முடித்துவிட்டார். பிரித்துப் பார்த்தால், பேட்டரி வயரில் நான் வைத்த சால்டர் விட்டுப்போயிருந்தது. கவசத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்ததன் பலன்.

முதலில் எடைக் கணக்கு. இந்த அளவு ரோபோக்கள் மோதும் எடைப் பிரிவுக்கு 'பீட்டில்வெயிட்' என்று பெயர். ஆனால் அந்தப் பெயர் எல்லா ஊரிலும் ஒரே எடையைக் குறிப்பதில்லை. பிரிட்டனில் அது 1.5 கிலோ, அமெரிக்காவில் 3 பவுண்டு, அதாவது சுமார் 1.36 கிலோ. யூடியூப் பார்த்து ஒரு கணக்கில் செய்துவிட்டு, வேறு விதி உள்ள போட்டிக்குப் போனால் 140 கிராமைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். விதிப் புத்தகத்தை முதல் நாளே வாசித்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த மாதிரி சொல்லும் எடையையும் அப்படியே நம்பாதீர்கள். வயர், திருகு, பசை, டேப் எதுவும் அதில் இருக்காது. நான் 60 கிராம் ஒதுக்கி வைப்பேன். அதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது, 'கெட்டியாக இருந்தால் போதும்' என்று தகட்டைத் தேர்ந்தெடுப்பது. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில், 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வெட்டினால், எஃகு சுமார் 235 கிராம், டைட்டானியம் 133, அலுமினியம் 81, பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் 36, எச்டிபிஇ பிளாஸ்டிக் 28 கிராம் சொச்சம் வரும். ஒரு எஃகுத் துண்டின் எடையில் அதே அளவு பிளாஸ்டிக்கை எட்டு மடங்கு தடிமனாகப் போடலாம். சுழலும் ஆயுதத்தின் பல் எச்டிபிஇயில் பட்டால் அது கிழியும், நசுங்கும், ஆனால் சிதறாது. அடியின் வேகத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிக்கொள்ளும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகை பெரும்பாலும் இந்தச் சரக்குதான். புதிதாக ஆரம்பிப்பவர் பக்கச் சுவர்களை அதில் வெட்டிக்கொள்ளலாம். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

எஃகு வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பக்கச் சரிவுத் தகட்டுக்கு அதுதான் சரி. வழவழப்பான, கடினமான தகடு தாழ்ந்த கோணத்தில் இருந்தால் பல்லுக்குப் பிடிமானம் கிடைக்காது, வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். மென்மையான அலுமினியத்தை அங்கே வைத்தால் பல் அதில் கடித்துக்கொண்டு வண்டியையே தூக்கி எறியும். எடையை அடி விழும் இடத்தில் செலவு செய்யுங்கள். மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் அவ்வளவு தேவையில்லை.

அந்த மேல்மூடியில்தான் இன்னொரு ஏமாற்று. பாலிகார்பனேட் கேட்டால் சில கடைகளில் அக்ரிலிக்கை நீட்டுவார்கள். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஒரு மெல்லிய துண்டை வைஸில் இறுக்கி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுக்கியால் வளையுங்கள். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் படாரென்று முறியும். சரியான சரக்கே கிடைத்தாலும் அதைக் கெடுக்க ஒரு வழி இருக்கிறது: திருகு கழலாமல் இருக்க விடும் திரவம், அதாவது த்ரெட்லாக்கர். அது பாலிகார்பனேட்டில் பட்டால் ஓட்டையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் விடும். அந்த இடங்களில் நைலான் வளையம் உள்ள நட்டுப் போட்டால் போதும். ஓட்டையை விளிம்பை ஒட்டிப் போடுவதும் அதே கதைதான்.

திருகு விஷயத்தில் நான் இரண்டு தடவை சூடுபட்டிருக்கிறேன். எச்டிபிஇயின் விளிம்பில் மெல்லிய மரை உள்ள எம்3 (3 மில்லிமீட்டர்) திருகைப் போட்டேன். அடி விழுந்ததும் மரையோடு உருவிக்கொண்டு வந்தது. அகலமான மரையுள்ள, நீளமான மரத் திருகுதான் அங்கே நிற்கும். இன்னொரு தடவை மேல்மூடித் திருகு இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூடுதல். அதன் முனை நேராக லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, போட்டிக்கு முன்பே கண்ணில் பட்டது. அந்தப் பேட்டரியில் ஓட்டை விழுந்தால் புகையும் தீயும்தான். பேட்டரியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள், அதன் பக்கம் எந்த முனையும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

உள்ளே இருப்பவற்றைக் கவசத்தோடு நேரடியாக இறுக்குவதும் பெரிய தவறு. சுவரில் மோட்டார் கன்ட்ரோலரை ஒட்டினால் சுவர் வாங்கும் அடி முழுக்க அதற்கும் போகும். இரண்டுக்கும் நடுவே ஸ்பாஞ்சோ ரப்பரோ இருக்கட்டும். வயரை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சால்டர் வைத்த இடத்தில் ஹாட் க்ளூ ஒரு சொட்டு விட்டால், வயர் ஆடும்போது அந்த இடத்தில் விட்டுப்போகாது. நான் தோற்ற போட்டியில் இல்லாதது இந்த ஒரு சொட்டுதான்.

பிறகு ரிசீவர், அதாவது ரிமோட்டின் சிக்னலை உள்ளே வாங்கும் பகுதி. நாலு பக்கமும் மேலும் கீழும் உலோகம் போட்டு மூடினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளே போகத் திணறும். கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும் பொருள், அதுவும் மறைக்கும். மேல்மூடியாவது பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஆன்டெனா அதன் கீழே இருக்கட்டும். கவசம் சேர்க்கச் சேர்க்க உடம்பின் உயரம் கூடுவதையும் கவனியுங்கள். சக்கரத்தின் விட்டத்தை உடம்பின் உயரம் தாண்டிவிட்டால், கவிழ்ந்ததும் சக்கரம் தரையைத் தொடாது. ஆமையை மல்லாக்கப் போட்ட மாதிரிதான்.

ஆயுதம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இரண்டு பல் உள்ள ஆயுதம் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 200 பல் கடக்கும். நீங்கள் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே எதிராளி 10 மில்லிமீட்டர்தான் உள்ளே வர முடியும். 12,000 சுற்று என்றால் அது 5 மில்லிமீட்டர். சுற்று கூடினால் சேரும் ஆற்றல் கூடும், ஆனால் கடி குறைந்து வெறுமனே உரசிவிட்டுப் போகும். பலர் ஒற்றைப் பல் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

பாதுகாப்பில் மட்டும் பேரமே கிடையாது. ஆயுதத்தை அசையவிடாமல் பிடிக்கும் பூட்டு இல்லாமல் மேஜையில் பேட்டரியை இணைக்காதீர்கள். ரிமோட்டை அணைத்ததும் சக்கரமும் ஆயுதமும் தானாக நிற்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பெரும்பாலான போட்டிகளில் பரிசோதகர் கேட்பதும் இதைத்தான். ஆயுதத்தை ஓட்டிப் பார்ப்பது கனமான பாலிகார்பனேட் பெட்டிக்குள் மட்டுமே, மாடியிலோ தெருவிலோ வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பூட்டு போட்ட ரோபோவைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். ஏதாவது கடகடத்தால் திறந்து தேடுங்கள். சத்தம் இல்லை என்றால், இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுங்கள். மனசு கேட்காதுதான். போட்டுவிட்டுத் திரும்பவும் குலுக்கிப் பாருங்கள். என் இரண்டாவது ரோபோவில் அப்படிப் போட்டதும் ஸ்விட்சின் திருகு ஒன்று உருண்டு வெளியே வந்தது.