வர்தா புயலைப் பற்றி எழுதப்போகிறீர்களா? ஆதாரங்களை முதலில் சலித்துவிடுங்கள்

2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் பேட்டையில் என்ன நடந்தது என்று தொகுக்க உட்கார்ந்தபோது பேப்பர் கட்டிங், வாட்ஸ்அப் படம், வானிலைத் துறை அறிக்கை எல்லாம் குவிந்துவிட்டது. அதைச் சலித்த விதத்தைச் சொல்கிறேன். எங்கே தேடுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில், ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் யார் பார்த்தது, எப்போது எழுதியது என்று குறியுங்கள். எக்செல் போதும், இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம். பத்துத் தளங்களில் ஒரே எண் இருந்தால் அது பத்து ஆதாரம் ஆகாது, பெரும்பாலும் ஒரே ஏஜென்சி செய்தியாகத்தான் இருக்கும். உயிரிழப்புக் கணக்குக்கு மறுநாள் பேப்பரை நம்ப வேண்டாம். எந்தத் தெருவில் மரம் சாய்ந்தது என்பதற்கு அதை விட்டால் வேறு கிடையாது.

அடுத்து மழை அளவு. சறுக்கிவிடுகிற இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் மாறாது, காலை 8:30க்கு மாறும். 12ஆம் தேதி காலை 8:30 முதல் 13ஆம் தேதி காலை 8:30 வரை பெய்தது 13க்கு நேராக இருக்கும். புயல் அடித்ததோ 12 பிற்பகல். அட்டவணையில் 12ஐப் பார்த்தால் முந்தின நாள் மழைதான் கண்ணில் படும், அப்புறம் பேப்பர் பொய் சொல்கிறது என்று தோன்றும். இரண்டும் சரிதான். நேரமும் அப்படியே: கரையைக் கடந்தது பிற்பகல் 3 முதல் 5 மணிக்குள், சர்வதேச நேரத்தில் 9:30 முதல் 11:30. யாராவது "காலை ஒன்பதரைக்கே கடந்தது" என்று எழுதியிருந்தால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்திருக்கிறார்.

காற்று வேகத்தில் நம் வானிலைத் துறை எடுப்பது 3 நிமிட சராசரி, அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து நடத்தும் புயல் எச்சரிக்கை மையம் எடுப்பது 1 நிமிட சராசரி. ஒரே புயலுக்கு இரண்டு எண் வரும். எந்தச் சராசரி, இல்லை சூறையா (சில நொடி மட்டும் வீசும் உச்ச வேகம்) என்று சொல்லாத எண்ணை நான் சேர்ப்பதில்லை.

நேரில் பார்த்தவர்களில் ஒருவர் "நடுவில் ஓய்ந்து, மறுபடி எதிர்ப்பக்கமிருந்து அடித்தது" என்பார், இன்னொருவர் "ஓயவே இல்லை" என்பார். சண்டை வேண்டாம், அன்று எந்த ஏரியாவில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். புயலின் கண் கடந்த பாதையில் இருந்தவருக்குத்தான் அந்த ஓய்வு.

பின்சேர்க்கை: படங்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த தேதி அழிந்துபோயிருக்கும், எடுத்தவரிடம் அசல் ஃபைலைக் கேளுங்கள். தெருவில் படகு போகிற படத்தை வர்தா என்று யாராவது அனுப்பினால், 2015 வெள்ளமா என்று கூகுள் லென்ஸில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.