குடும்ப ஒயினை லேபிளில் கண்டுபிடிப்பதும் குமரி வெயிலில் காப்பதும்

கருப்பட்டி வாங்கும்போது, "பனையேறி வீட்டுச் சரக்கா, சீனி போட்டதா?" என்று நம் ஊரில் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. ஒயினுக்கும் அதே கேள்விதான்: திராட்சை வளர்த்தவரே அதைப் புளிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்தாரா? கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் "நல்லதா ஒண்ணு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், விமான நிலையக் கடையில் பெரிய கம்பெனி பாட்டில்தான் வரும்.

முன்பக்கத்து மாளிகைப் படத்தை விடுங்கள், அதை யாரும் அச்சடிக்கலாம். யார் அடைத்தது என்கிற பொடி எழுத்து வரியைத் தேடுங்கள். ஷாம்பெயினில் இது சுலபம். அந்த வரியில் உள்ள எண்ணுக்கு முன்னால் ‘ஆர்.எம்.’ (RM) என்று இருந்தால் தன் தோட்டத்துத் திராட்சையில் செய்தது, வெளியே வாங்க 5 சதவீதம் வரைதான் அனுமதி. ‘என்.எம்.’ என்றால் திராட்சை வாங்கிச் செய்பவர், ‘சி.எம்.’ கூட்டுறவு, ‘எம்.ஏ.’ கடைக்காரர் தன் பெயரை ஒட்டிக்கொண்டது. மற்ற பிரெஞ்சு ஒயின்களில் ‘தோட்டத்திலேயே அடைத்தது’ என்ற வாசகம் மட்டும் போதாது, கூட்டுறவு ஆலைகளும் உறுப்பினர் தோட்டத்துக்கு அதைப் போடலாம். தோளில் பீப்பாய் சுமக்கும் ஆளின் முத்திரை இருந்தால் அது தனி விவசாயிகள் சங்கத்தின் அடையாளம். ஜெர்மனியில் ‘கூட்ஸ்ஆப்ஃபுல்லுங்’ (தோட்டத்தில் அடைத்தது) என்ற சொல், கூட்டுறவும் போடக்கூடிய ‘எர்ட்சொய்கர்ஆப்ஃபுல்லுங்’கைவிட (உற்பத்தியாளர் அடைத்தது) கறாரானது. அமெரிக்காவில் ‘எஸ்டேட் பாட்டில்டு’ என்றால் திராட்சை முழுவதும் அந்த ஆலையின் பொறுப்பில் விளைந்தது. ‘செல்லர்டு அண்ட் பாட்டில்டு’ என்றால் வேறெங்கோ செய்த ஒயினாகவும் இருக்கலாம்.

ஆலைக்கு நேரில் போக முடிந்தால் இரண்டு கேள்வி போதும்: எத்தனை ஹெக்டேர், வருஷத்துக்கு எத்தனை பாட்டில்? ஒரு ஹெக்டேர் நம் கணக்கில் 247 சென்ட். அதில் சாதாரணமாக 5,000 முதல் 8,000 பாட்டில்வரை வரும். 10 ஹெக்டேர் வைத்துக்கொண்டு 5 லட்சம் பாட்டில் விற்பவர் திராட்சையோ ஒயினோ வெளியே வாங்குகிறார் என்று அர்த்தம். அது குற்றமில்லை, ஆனால் குடும்பத் தோட்டம் என்று சொல்லி விற்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். செப்டம்பர், அக்டோபர் அறுவடையில் அவர்களுக்குத் தலை சொறிய நேரம் இருக்காது. ஆறு வகை ருசி பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். அங்கேயே வாங்கினால் இடைத்தரகர் பங்கும் அவர்களுக்கே போகும்.

இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு, மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். கைலியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள், ரசீதும் கூட இருக்கட்டும். திருவனந்தபுரத்தில் இறங்கிக் களியக்காவிளை வழியாக வருபவர்கள், மாநில எல்லை தாண்டி மது கொண்டுபோகும் விதிகளை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பாதி ஒயின் கெடுவது இதற்கப்புறம்தான். வழியில் சாப்பிட நிறுத்தி, பூட்டிய காரில் பாட்டிலை விட்டால் உள்ளே ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், கழுத்தில் பிசுபிசுப்பு தெரியும், ருசி வெந்த பழம் மாதிரி ஆகிவிடும். வைக்கத் தோதான வெப்பம் 12 முதல் 15 டிகிரி. நாகர்கோவிலில் எந்த அலமாரியிலும் அது கிடையாது. ஆகவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவைத்து இரண்டு மாதத்துக்குள் குடித்துவிடுங்கள். ‘வைக்க வைக்க ருசி’ என்பது பாதாள அறை உள்ளவர்களுக்கு.

வெள்ளை ஒயினை 8 முதல் 10 டிகிரியில் ஊற்றலாம். சிவப்பை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும், இங்கே அதற்குமேல் வைத்தால் சூடாகிவிடும். மரச்சீனிக் கிழங்கும் காரமான மீன் குழம்பும் என்றால் துவர்ப்புக் கூடிய சிவப்பு வேண்டாம், மிளகாய் எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்போடு 8, 9 சதவீத ஆல்கஹால் உள்ள ஜெர்மன் ரீஸ்லிங் திராட்சையின் ‘கபினெட்’ வகை வெள்ளை ஒயின் பொருந்தும்.

சிறு ஆலைக்காரர்கள் பலர் வடிகட்டாமல் அடைப்பார்கள், அடியில் மண்டி இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து மெதுவாகச் சரித்து ஊற்றுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் மட்டும் அது கார்க்கின் கோளாறு. பாட்டிலில் உள்ள ‘எல்’ என்று தொடங்கும் தொகுதி எண்ணைப் படம் எடுத்து, வாங்கிய தேதியோடு ஆலைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.