ஆர் மொழிச் செயற்கூறுகளில் முன்னேற்றத்தைக் காட்டும் முறை

ஒரே தரவிலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கும் மாதிரிகளான மறுமாதிரிகளை 10,000 முறை எடுத்துக் கணக்கிடும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை ஓடவிட்டபின் திரையில் எதுவும் நகராவிட்டால், வேலை நடக்கிறதா, எங்கேனும் சிக்கிக்கொண்டதா என்று எவராலும் சொல்ல இயலாது. இதைத் தீர்க்க முனையும்போது, எவ்வளவு முடிந்தது என்று அறிவிப்பதும் அதைத் திரையில் வரைவதும் வெவ்வேறு வேலைகள் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்.

நமக்காக மட்டும் எழுதும் நிரலுக்கு, ஆர் மொழியுடனேயே வரும் டிஎக்ஸ்டி-ப்ராக்ரஸ்-பார் என்ற முன்னேற்றப் பட்டை போதுமானது. லூப்புக்கு முன் மொத்தச் சுற்றுகளை மேக்ஸ் மதிப்பாகவும், சதவீதம் தெரிவதற்காக ஸ்டைல் மதிப்பாக 3-ஐயும் கொடுத்துப் பட்டையை உருவாக்கி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதன் மதிப்பை உயர்த்தி, இறுதியில் க்ளோஸ் கொண்டு மூடினால் வேலை முடிந்தது.

பிறர் பயன்படுத்தும் செயற்கூறுக்குள் இப்படி வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை வேண்டுமா, எந்த வடிவில் வேண்டும் என்பது அழைப்பவரின் உரிமை. ஹென்ரிக் பெங்ட்சன் உருவாக்கிய ப்ராக்ரஸ்-ஆர் என்ற பேக்கேஜ் (கூடுதலாக நிறுவிக்கொள்ளும் செயற்கூறுத் தொகுப்பு) இந்த உரிமையை மதிக்கிறது. செயற்கூறின் தொடக்கத்தில் ப்ராக்ரஸர் என்பதை அழைத்து, அலாங் மதிப்பாக உள்ளீட்டுப் பட்டியலைக் கொடுத்து, கிடைப்பதை பி என்ற பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறுப்பின் கணக்கும் முடிந்தவுடன் பி-ஐ அழையுங்கள். அழைப்பவர் வித்-ப்ராக்ரஸ் என்பதற்குள் நம் செயற்கூறை இட்டால் பட்டை தோன்றும். இடாவிட்டால் செயற்கூறு அமைதியாகவே ஓடும். பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு செயற்கூறை ஓட்டுவது எல்-அப்ளை; அதற்குக் கொடுக்கும் உட்செயற்கூறுக்குள் ப்ராக்ரஸரை உருவாக்கினால் ஒவ்வொரு உறுப்புக்கும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கிவிடும். எனவே அதை வெளியிலேயே உருவாக்க வேண்டும்.

எதை ஒரு படியாக எண்ணுவது என்பதில்தான் உண்மையான சிந்தனை தேவைப்படுகிறது. 20 வரிசைகள் கொண்ட குழுவும் 20,000 வரிசைகள் கொண்ட குழுவும் ஒரே தரவில் இருந்தால், குழுவுக்கு ஒரு படி என்று எண்ணும் பட்டை விரைந்து ஓடிப் பின் அசையாமல் நின்று பயனரை ஏமாற்றும். ஸ்டெப்ஸ் மதிப்பாக மொத்த வரிசைகளையும், பி-ஐ அழைக்கும்போது அமௌன்ட் மதிப்பாக அந்தக் குழுவின் வரிசைகளையும் கொடுத்தால், பட்டை உண்மைக்கு நெருங்கி நகரும். வெற்றுக் குழுக்களை நெக்ஸ்ட் மூலம் தாண்டும் லூப்பில், தாண்டுவதற்கு முன்பும் பி-ஐ அழைக்க மறக்கக் கூடாது. மறந்தால் குழுவுக்கு ஒரு படி என எண்ணும் பட்டை முழுமை அடையாது. சுற்றுகள் மிகச் சிறியவையாயின், அறிவிப்பதற்கே நேரம் செலவாகும் என்பதால், 100 சுற்றுகளுக்கு ஒருமுறை அமௌன்ட் 100 என்று அறிவிப்பது நலம்.

ஃபியூச்சர் பேக்கேஜின் மல்டிசெஷன் முறையில், அதாவது பல ஆர் அமர்வுகளில் ஒரே நேரத்தில், கணக்கை இணையாக ஓட்டும்போதும் முன்னேற்றத்தை அறிவிக்கும் இதே வரிகளை மாற்றாமல் பயன்படுத்தலாம். நிரல் கோப்பைக் கட்டளை வரியிலிருந்து ஓட்டும் ஆர்ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டும்போது மட்டும் பட்டை இயல்பாகத் தோன்றாது. அங்கு ப்ராக்ரஸ்-ஆர் எனேபிள் என்ற ஆப்ஷனை நிரலின் தொடக்கத்திலேயே ட்ரூ என அமைத்துவிட வேண்டும்.