மூட்டை ஏறும் பலகை: வேலைக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

மதுரை கீழமாசி வீதியில் 50 கிலோ அரிசி மூட்டையை லாரியில் ஏற்றப் பலகை சாய்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலகை நீளம் 3 மீட்டர், லாரித் தளத்தின் உயரம் 1.2 மீட்டர், இயக்க உராய்வுக் குணகம் (நகரும்போது உராய்வு, செங்குத்து விசையில் எத்தனை பங்கு என்ற எண்) 0.3. மூட்டையைப் பலகைக்கு இணையாக, சீரான வேகத்தில் தள்ளுகிறார்கள். தள்ளுபவர் செய்யும் வேலை எவ்வளவு?

முதல் சறுக்கல் செங்குத்து விசையில், அதாவது பலகை தன் பரப்புக்குச் செங்குத்தாக மூட்டையைத் தாங்கும் விசையில். எடை 50 × 9.8 = 490 நியூட்டன். அதையே 0.3-ஆல் பெருக்கி, உராய்வு 147 என்று எழுதிவிடுகிறார்கள். சமதரையில் அது சரி. சாய்ந்த பலகையோ எடையில் ஒரு பகுதியைத்தான் தாங்குகிறது. இதற்காகக் கோணத்தைத் தேடி அட்டவணையைப் புரட்ட வேண்டாம். சைன் மதிப்பு 1.2 ÷ 3 = 0.4, கொசைன் மதிப்பு √(1 − 0.16) = 0.917. செங்குத்து விசை 449, உராய்வு 134.7 நியூட்டன்.

அந்த உராய்வை 1.2 மீட்டரால் பெருக்குவது அடுத்த பிழை. மூட்டை தேய்வது 3 மீட்டர் முழுக்க; ஆகவே 404 ஜூல். புவியீர்ப்புக்குத்தான் உயரம் மட்டும் போதும்: 490 × 1.2 = 588. மொத்தம் 992 ஜூல்.

சிலர் எடையின் சரிவுக் கூறான (பலகை வழியே கீழே இழுக்கும் பங்கு, 490 × 0.4) 196 நியூட்டனை 3-ஆல் பெருக்கி, அதோடு இந்த 588-ஐயும் கூட்டுவார்கள். 196 × 3-உம் அதே 588தான். ஒரே மூட்டைக்கு இரண்டு தடவை கூலி!

கேள்வியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 'உராய்வு விசை செய்த வேலை' என்றால் விடை −404. 'நிகர வேலை' என்றால் சுழி, வேகம் மாறவில்லையே. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (நகராமல் நிற்கும் பொருளுக்கானது) கொடுத்திருந்தாலும் இங்கே அதைத் தொடாதீர்கள். மூட்டை ஏற்கெனவே நகர்கிறது.

தரைக்கு இணையாகத் தள்ளினால் கணக்கே வேறு. தள்ளும் விசையின் ஒரு பங்கு மூட்டையைப் பலகையோடு அழுத்துவதால் செங்குத்து விசை 615 ஆகிறது, உராய்வும் கூடுகிறது. தள்ள வேண்டியது 415 நியூட்டன்; விசையின் திசையில் நகர்வது பலகையின் கிடைநீளமான 2.75 மீட்டர்தான் என்பதால் வேலை 1142 ஜூல். பழைய 449-ஐ வைத்துப் போட்டால் இந்த விடை வரவே வராது.

நீளமான பலகை வேலையைக் குறைக்கும் என்பதும் தப்பு. 4 மீட்டர் பலகை போட்டு, முன்போல் பலகைக்கு இணையாகத் தள்ளினால் விசை 331-லிருந்து (196 + 134.7) 287 நியூட்டனாக இறங்கும். வேலை 1149 ஜூலாக ஏறும். உராய்வுக்குப் போகும் வேலை 0.3 × 490 × பலகையின் கிடைநீளம். அந்தக் கிடைநீளம் 2.75 மீட்டரிலிருந்து 3.82 ஆகிவிடுகிறது.