பசியடக்கி மருந்துகள்: எடை குறைக்கும்போது எங்கே தவறுகிறார்கள்?

பசியை மட்டும் தொட்டுவிட்டு உடம்பில் வேறெதையும் தொடாத மருந்து இதுவரை வரவில்லை. ஃபென்டர்மின் மாத்திரை மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டித்தான் பசியை அடக்குகிறது. அதே நார்அட்ரினலின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். நால்ட்ரெக்ஸோன், புப்ரோபியான் சேர்ந்த மாத்திரை வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். இவற்றைச் சும்மா 'பசி மாத்திரை' என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அதிகம் பார்க்கிற தவறு, அளவைக் கூட்டுவதில் அவசரம். எடை குறைப்புக்கான செமாக்ளூடைடு ஊசியை வாரம் ஒருமுறை 0.25 மி.கி. என்று தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என ஏற்றுவார்கள். கடைசிப் படிக்குப் போகவே 16 வாரம் ஆகும். முதல் மாதத்து 0.25 மி.கி. எடை குறைப்பதற்கான அளவே அல்ல, வயிறு பழகுவதற்கானது. 'இரண்டு வாரமாகியும் பசி அடங்கவில்லையே' என்று தாமாகவே அடுத்த படிக்குத் தாவினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்து வரலாம். நீர்ச்சத்து வற்றிப்போனால் சிறுநீரகம் வரை பாதிப்பு போகும். வாந்தி ஓயவில்லை என்றால் அடுத்த படியைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தட்டில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பண்டங்களைக் குறையுங்கள், வயிறு நிறைந்ததுபோல் தோன்றிய அந்த வாயோடு நிறுத்துங்கள்.

ஊசி போட மறந்துவிட்டால்? திங்கள்தோறும் போடுபவருக்கு வியாழக்கிழமை நினைவு வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம், அடுத்த ஊசிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தால் விட்டுவிட்டு, திங்கள் அன்று வழக்கமான அளவைப் போட வேண்டும். செமாக்ளூடைடுக்கு எல்லை இதுதான்: அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம், அதற்குக் குறைவென்றால் விட்டுவிட வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரண்டு ஊசி ஒரே நாளில் போடவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பழைய அளவிலேயே தொடராதீர்கள். கீழ்ப் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கலாம்.

ஃபென்டர்மினில் தவறு வேறு மாதிரி. அதைக் காலையில் எடுக்க வேண்டும், மாலையில் எடுத்தால் இரவெல்லாம் தூக்கம் வராது. சில வாரங்களுக்கென்றே தரப்படும் மருந்து அது. போகப்போக பசி திரும்பினால் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று பொருள். அப்போது நிறுத்துவதுதான் முறை, இன்னொரு மாத்திரை சேர்ப்பது ஆபத்து. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரையும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால், சளிக்கு எதையும் கடையில் கேட்டு வாங்கி இதோடு சேர்த்து விழுங்காதீர்கள். வீட்டில் அழுத்தம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்த்து, நாடித்துடிப்போடு குறித்து வையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இன்னொரு பெரிய தவறு. இதய நோய், கண் அழுத்த நோய், தைராய்டு மிகையாகச் சுரப்பது ஆகியவை இருந்தால் ஃபென்டர்மின் ஆகாது. நால்ட்ரெக்ஸோன் உள்ள மாத்திரையை டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளோடு எடுக்கவே கூடாது. சில இருமல் சிரப்பில்கூட கோடீன் இருக்கும், பாட்டிலைத் திருப்பி ஒருமுறை படியுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர் செமாக்ளூடைடு தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டிவரும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். ஃபென்டர்மினோடு டோபிரமேட் என்ற வலிப்பு மருந்து சேர்ந்த மாத்திரை, கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரும் வாய்ப்பைக் கூட்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சை இருந்தால், செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு ஊசி போட்டுக்கொள்வதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பசியே இல்லையே என்று சாப்பாட்டையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். எடை வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் சேரலாம். மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகு வரை பரவினால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூலிகை மாத்திரை என்று விற்கப்படும் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற பசியடக்கி மருந்து கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010-இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

நிறுத்துவதிலும் முறை உண்டு. ஃபென்டர்மினோடு டோபிரமேட் சேர்ந்த மாத்திரையின் உச்ச அளவை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். குறைந்தது ஒரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்த பிறகே நிறுத்த வேண்டும். பலன் தராத மருந்தை நம்பிக்கையில் நீட்டிக்கவும் வேண்டாம். நால்ட்ரெக்ஸோன், புப்ரோபியான் மாத்திரையை முழு அளவில் 12 வாரம் எடுத்தும் தொடக்க எடையில் 5 சதவீதம், அதாவது 90 கிலோ இருந்தவருக்கு நாலரைக் கிலோ, குறையவில்லை என்றால் அதை விட்டுவிடுவதே சரி.